ஓதம் ஏறிய சுவரும் வாடகைச் சட்டமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அச்சரப்பாக்கம், மதுராந்தகம் பக்கத்து வாடகை வீடுகளில் ஒரே மாதிரியான புகார் எழும். சுவர் ஓதம் காத்துவிட்டது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்துவிட்டது, பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. வீட்டுக்காரரின் பதிலும் ஒரே மாதிரிதான்: "ஜன்னலத் திறந்து வச்சாத்தானேம்மா? துணிய உள்ளயே காயப்போட்டா அப்படித்தான்." பதில் 'அம்மா'வை நோக்கி வருவதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் கணவர். சுவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மனைவி.

தரையிலிருந்து முழங்கால் உயரம் ஏறி உப்புப் பூக்கும் ஈரம் அடித்தளத்திலிருந்து வருகிறது. கூரைக்குக் கீழே வட்டமாகப் பரவும் கறை தளத்தின் ஒழுகல். குளியலறைச் சுவரின் மறுபக்கம் தெரிவது பெரும்பாலும் குழாய்க் கசிவு. இவற்றில் எதையும் துடைப்பமும் பினாயிலும் சரிசெய்யாது. சமையல் ஆவியும் ஈரத்துணியும் பூஞ்சை வளர உதவும், உண்மைதான். ஆனால் ஒரே ஒரு ஜன்னல் வைத்துக் கட்டிய வீட்டில் ஆவி எங்கே போகும்?

முன்பு மெட்ராஸ் தளம் என்று சொல்லப்பட்ட கூரையில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கினார்கள். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்கள் பெண் கூலியாட்கள். பொங்கலுக்கு முன் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையைத் தடுத்தது. மழைநீரை வெளியே நிறுத்தியதில் பெண்களின் உழைப்பு இருந்தது என்பதைக் கட்டடக்கலை நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. சிமெண்டும் பெயிண்டும் வந்தபின் அந்தக் கூலி வேலை போயிற்று. வீட்டுக்குள் கறையைத் தேய்க்கும் கூலியில்லா வேலை தங்கிவிட்டது.

சட்டம் என்ன செய்தது? 1946-இல் சென்னை மாகாணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் தடுப்பதே அதன் முதல் கவலை. அதன் வழிவந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமையாளர் பழுதுபார்க்காவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிட வழி இருந்தது. கூடவே இன்னொரு கதவும் இருந்தது. காலி செய்தால்தான் பழுதுபார்க்க முடியும் என்றால், அதையே காரணம் காட்டி உரிமையாளர் வெளியேற்ற மனுப் போடலாம். வேலை முடிந்ததும் திரும்பக் குடியேற உரிமை உண்டு என்றது சட்டம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நடுவில் எங்கே தங்குவது? ஓதத்தைப் பற்றி வாய் திறப்பதே ஆபத்து என்று வாடகைதாரர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

அதே சட்டம் 'வாடகைதாரர்' என்பதற்குள், அவர் இறந்தபின் உடன் வாழ்ந்த துணைவரையும் சேர்த்தது. கணவர் பெயரில் வீடெடுத்த பெண், கைம்பெண்ணான பிறகே சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் ஆனாள். கணவன் கைவிட்டுப்போன மனைவி, அவன் வாடகைக்கு எடுத்த வீட்டைக் காக்க வெளியேற்ற வழக்கில் தானே வாதாடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-இல், அச்சலா ஆனந்த் வழக்கில்.

இங்கிலாந்தின் ராச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டிலிருந்த பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. குடும்பம் பலமுறை முறையிட்டும், வீட்டுவசதி நிறுவனம் அவர்களுடைய 'வாழ்க்கை முறை'யைத்தான் குறை சொன்னது. நம் ஊர் வீட்டுக்காரர் சொல்வதும் அதுவே. அவன் பெயரால் அங்கே வந்த சட்டம் சமூகக் குடியிருப்புகளுக்குக் காலக்கெடு விதிக்கிறது: கடுமையான ஓதம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்புப் பொறுப்பைப் பட்டியலிட்டுப் பிரிக்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சமையலறைப் பொருத்துகள் வாடகைதாரருக்கு. பூஞ்சை எந்தப் பக்கமும் இல்லை. அதன் மூலகாரணம் ஒழுகலோ ஓதமோ என்றால், அது உரிமையாளர் பக்கமே சேர வேண்டும் என்பது என் வாசிப்பு. ஆனால் 'வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் தவிர' என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது. காலி செய்யும் நாளில் கறுத்த சுவரைக் காட்டி, முன்பணத்தில் பெயிண்ட் செலவைக் கழிக்க அந்த விலக்கே போதும். குடிவந்த நாளில் யாரும் அந்தச் சுவரைப் படமெடுத்து வைத்திருப்பதில்லை. ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருப்பதில்லை.