பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்: ஐதராபாத் ஆய்வுகள்

கரைசலாகப் பூசி, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தியே செய்துவிடக்கூடிய மின்கலம் இது. சிலிக்கானை உருக்கும் பெரிய உலைகள் தேவையில்லை. 2009-இல் ஜப்பானின் மியாசாகா குழு 3.8 சதவீதத் திறனுடன் தொடங்கியது. இன்று ஆய்வகக் கலங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

சிக்கல் ஆயுளில்தான். ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட் பொருளான மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடின் கரும்படலம் ஈரம் பட்டால் சிதைந்து மஞ்சளாகிவிடும். மிஞ்சுவது லெட் அயோடைடு. போதாக்குறைக்கு, மின்முனையாக மேலே பூசும் தங்கமும் அதனடியில் வரும் ஸ்பைரோ-ஓமிடாட் என்ற கரிமப் பொருளும் விலையை ஏற்றுகின்றன.

ஐதராபாத் பாலாப்பூரிலுள்ள ஏ.ஆர்.சி.ஐ., மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் தன்னாட்சி நிறுவனம். ஆயுள், விலை இரண்டுக்கும் அங்கே கார்பனை நாடுகிறார்கள். கார்பன் பசையைப் பூசிக் காயவைத்தால் அதுவே மின்முனை. நீரை ஒட்டவிடாததால் கவசமும்கூட. தங்கத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் செலவு மிச்சம். திறன் சற்றுக் குறையும் என்றாலும் இது லாபமான பேரம்தான்.

அதே நகரின் தார்நாகாவிலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இத்துறை ஆய்வுகள் நடக்கின்றன.

85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம்: சந்தைக்கு வரும் சூரியப் பலகைகளுக்கான பன்னாட்டுச் சோதனைகளில் இதுவும் ஒன்று; பெரோவ்ஸ்கைட் கலங்களும் இதைத் தாண்டியாக வேண்டும்.