வாக்குமூலங்கள் விழுங்கிய நிலம்

டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியின் நூலகத்தில் 31 தொகுதிகளாகக் கட்டிவைத்த பழைய கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 8,000 வாக்குமூலங்கள். அயர்லாந்தில் 1641-ல் கத்தோலிக்கர் நடத்திய கலகத்தில் உயிர்தப்பிய புரொட்டஸ்தாந்துக் குடியேறிகள் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவைதான் பெரும்பாலும்.

கலகத்துக்கு வித்து அதற்கு முப்பது ஆண்டு முன்பே விழுந்துவிட்டது. 1607-ல் அல்ஸ்டர் பகுதியின் கேலிக் பிரபுக்கள் கடல் கடந்து போக, அவர்கள் நிலங்களை மன்னராட்சி பறிமுதல் செய்து ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் பங்கிட்டது. வந்தவர்கள் புரொட்டஸ்தாந்துகள், நிலம் இழந்தவர்கள் கத்தோலிக்கர். நிலத் தகராறும் மதப் பகையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

1641 அக்டோபர் 22 இரவு, கலகத் தலைவர்களில் ஒருவரான ஃபெலிம் ஓ'நீல் விருந்தாளியாக சார்ல்மான்ட் கோட்டைக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றினார். டப்ளின் கோட்டையைப் பிடிக்கும் திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தோற்றது. ஆனால் அல்ஸ்டர் கிராமங்களில் மூண்ட கோபத்தைத் தலைவர்களால் அடக்க முடியவில்லை. குடியேறிகளின் மாடுகளை ஓட்டிப்போனார்கள், உடுத்தியிருந்த துணியைக்கூட உரித்துக்கொண்டு விரட்டினார்கள். அந்தக் குளிரில் வழியிலேயே பலர் செத்தார்கள். நவம்பரில் போர்ட்டடவுன் பாலத்திலிருந்து சுமார் நூறு பேரைப் பான் ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள்.

தன் ஐந்து பிள்ளைகளை அங்கே பறிகொடுத்ததாக வாக்குமூலம் தந்தார் எலிசபெத் பிரைஸ் என்ற பெண். பிறகு அந்த ஆற்றில் ஒரு பெண்ணின் உருவம் இடுப்பளவு நீரில் நின்று, கைகளை உயர்த்திப் பழிக்குப் பழி கேட்டதாகவும் சொன்னார். பேயுரு உண்மையா என்று வாதிடுவதைவிட, பெற்ற வயிறு எரிந்த எரிச்சலை அதில் கேட்பதே சரி. மற்ற தாள்கள் பலவற்றில் கணக்கு வழக்குதான்: இத்தனை பசு, இவ்வளவு வாற்கோதுமை, வராத கடன் இவ்வளவு என்று.

இந்தத் துயரம் உண்மையானது. அதை என்ன செய்தார்கள் என்பதுதான் வேதனை.

வாக்குமூலங்களைச் சேகரித்த குழுவின் தலைவர் ஹென்றி ஜோன்ஸ் என்ற புரொட்டஸ்தாந்து மதகுரு. ஆனால் 1642 ஜனவரியில் அல்ஸ்டரின் ஐலண்ட்மேகியில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களின் உறவினரிடம் அப்போது யாரும் இப்படி உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. 1646-ல் ஜான் டெம்பிள் என்பவர் இந்தத் தாள்களை வைத்து ஒரு நூல் எழுதினார். கொல்லப்பட்டோ, அழிக்கப்பட்டோ, விரட்டப்பட்டோ போன புரொட்டஸ்தாந்துகள் 3 லட்சம் என்றார். நாடு முழுவதும் அன்று இருந்த புரொட்டஸ்தாந்துகளே அவ்வளவு பேர் இல்லை! கொலையுண்டோர் சில ஆயிரம் பேர் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. லண்டன் நாடாளுமன்றமோ அந்த நூலுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. கலகத்தை அடக்கப் பணம் போடுவோருக்கு ஐரிஷ் நிலம் 25 லட்சம் ஏக்கரை ஈடாகக் காட்டி 1642 மார்ச்சிலேயே சட்டம் இயற்றிவிட்டது.

1649-ல் அந்த நாடாளுமன்றத்தின் தளபதி குரோம்வெல் அயர்லாந்தில் படையோடு வந்து இறங்கினார். செப்டம்பர் 11 அன்று ட்ரோஹெடா நகரம் விழுந்தது. சுமார் 3,000 பேர் மாண்டனர், சரணடைந்தவர்களுக்கும் பாதிரியார்களுக்கும்கூட உயிர்ப்பிச்சை இல்லை. 1641-ல் சிந்திய ரத்தத்துக்கு இது கடவுளின் தீர்ப்பு என்று அவர் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். ஆனால் 1641 கலகக்காரர்கள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் போன ஊர் அது. 1649-ல் அதைக் காத்தவர்களிலும் மன்னர் தரப்பு ஆங்கிலேயர் பலர் இருந்தார்கள். யாருடைய பழியை யார் தலையில் தீர்த்தார் குரோம்வெல்?

பின்னால் வந்தது பங்கீடு. வாக்குமூலங்கள் நீதிமன்றத்தில் சாட்சியங்களாயின. 1653-ல் ஃபெலிம் ஓ'நீலுக்கு மரண தண்டனை நிறைவேறியது. கத்தோலிக்க நிலவுடைமையாளர்களை மேற்கே கொனாக்ட் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். வில்லியம் பெட்டி பறிமுதல் நிலங்களை அளந்து வரைபடம் போட்டுத் தந்தார். 1641-ல் கத்தோலிக்கர் கையில் ஏறக்குறைய 60 சதவீத நிலம் இருந்தது. 1703-ல் 14 சதவீதம்.

போர்ட்டடவுன் பாலத்துக் காட்சி புரொட்டஸ்தாந்து அமைப்பான ஆரஞ்சு சங்கத்தின் ஊர்வலப் பதாகைகளில் இடம்பிடித்துத் தலைமுறை தலைமுறையாக வலம்வந்தது. 2010-ல் வாக்குமூலங்கள் அனைத்தும் இணையத்தில் ஏறின. அதையொட்டி அக்டோபர் 22 அன்று டிரினிட்டியில் ஒரு கண்காட்சியைத் திறந்துவைத்தவர் கத்தோலிக்கரான அன்றைய ஐரிஷ் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ். அந்த மேடையில் வடஅயர்லாந்துப் புரொட்டஸ்தாந்துத் தலைவர் இயன் பெய்ஸ்லியும் பேசினார்.