மூக்கை அளந்தவர்களும் மரபணு சொல்வதும்

அஞ்செட்டியிலிருந்து ஒசூர் செல்லும் பேருந்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒலிக்கும். அதில் இருப்போரின் மூக்கையும் நிறத்தையும் கொண்டே சாதியைச் சொல்லிவிடலாம் என நம்புவோர் இன்றும் உண்டு. இந்நம்பிக்கைக்கு அறிவியல் வேடம் பூட்டியது காலனிய ஆட்சி. 1891இல் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து, அந்த எண் உயர உயரச் சாதிநிலை தாழும் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இருளர் உள்ளிட்டோரின் மூக்குகளை அளந்து பட்டியலிட்டார்.

பஞ்சாபின் பிராமணரும் சமாரும் ஒரே இனவழியினர், சென்னையின் பிராமணரும் பறையரும் அவ்வாறே என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். 1948இல், குர்யே தொகுத்த மூக்களவுகளைக் கொண்டே ரிஸ்லியின் முடிவைக் கவிழ்த்தார். அவர்களின் அளவுகோலாலேயே அவர்களை அளந்தார் எனலாம்.

மரபணுவியல் பின்னர் வந்து சேர்ந்தது. நாசித்துளையின் அகலம் வெப்பநிலை, ஈரப்பதத்தோடு தொடர்புடையது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி நனைக்கக் குறுகிய துளை உதவுகிறது. தோல்நிறத்தில் பங்குள்ள எஸ்.எல்.சி.24.ஏ5 மரபணுவின் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே உள்ளது என்று லெவோன்டின் 1972இலேயே கணக்கிட்டார்.

அப்படியானால் சாதிகளுக்கிடையே வேறுபாடே இல்லையா? உண்டு, ஆனால் காரணம் தலைகீழானது. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இம்மண்ணில் பரவலான கலப்பு நிகழ்ந்தது. பின்னர் அகமணம் அதை அடைத்தது. வேறுபாடு சாதியை உண்டாக்கவில்லை, சாதியே வேறுபாட்டை உறையவைத்தது. அதன் விலையை 'மேல்' எனப்படுவோரும் தருகின்றனர்: ஆந்திர வைசியரிடையே, அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் ஒரு தசைத் தளர்த்தி மருந்தை உடைக்கும் நொதியின் குறைபாடு மிகுதி.

இருளருக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள்செல் மரபணுவைக் கண்டறிந்தனர். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாக வாழ்வார். மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்பும் பெறுவார். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் 40 வயதுக்குட்பட்ட பழங்குடியினரைச் சோதித்து, முடிவை அட்டையாகத் தருகிறது. சோதனை வேண்டும்தான். ஆனால் அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பெண்ணொருத்தியின் கையில் அந்த அட்டை சேரும்போது, கடத்துநர் நோயாளி அல்லர் என்பதையும், கணவன் மனைவி இருவரும் கடத்துநராயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதையும் அவள் மொழியில் சொல்ல ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.