பாட்டு உள்ளே, பாணன் வெளியே!

காவிரியின் தென்கரையில் உறையூர். ஆற்றுக்கு அப்பால் திருவரங்கம். இரண்டுக்கும் இடையே ஓடுவது ஓர் ஆறு மட்டுமே. கோடையில் மணல் தெரியும்போது சிறுவனும் நடந்தே கடந்துவிடுவான். ஆனால் அந்த ஆற்றைக் கடக்கப் பாட்டுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது; பாடியவனுக்கோ பல நூற்றாண்டுகளும் போதவில்லை. தமிழிசைக்கும் பக்திக்கும் உள்ள உறவின் வரலாறு முழுவதையும் இந்த ஒரே செய்தியில் அடக்கிவிடலாம்.

"இசை இறைவன் தந்தது, பக்தியில் பிறந்தது, கோயிலில் வளர்ந்தது, ஆகவே பக்தியை மறுப்போர்க்கு இசையில் பங்கில்லை" என்பது வழிவழியாக வரும் பேச்சு. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் என்னிடம் மாணவர்களும் இந்த ஐயத்தை எழுப்புவதுண்டு. "கடவுளை எடுத்துவிட்டால் தமிழ்ப் பாட்டில் மிஞ்சுவது என்ன, ஐயா?" என்பார்கள். நேர்மையான கேள்வி. இதற்கு விடையைச் சினத்திலும் தேடலாகாது, பற்றிலும் தேடலாகாது. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

ஏழடி நடந்த வேந்தன்

சங்க காலத்துப் பாணன் யார்? யாழை ஏந்தி ஊர் ஊராகச் சென்றவன். காதலைப் பாடினான், களத்தைப் பாடினான், கொடுத்தவனைப் பாடினான், தன் சுற்றத்தின் பசியையும் மறைக்காமல் பாடினான். அவனோடு பாடினியும் வந்தாள், பாடினாள். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என இரு நூல்கள் அவன் பெயரையே தாங்கி நிற்கின்றன. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டொன்று, துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையே குடிகள் என எண்ணுகிறது. போரில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லன்றி, நெல் தூவி வழிபடத்தக்க தெய்வம் வேறில்லை என்றும் அதே பாட்டு அறைகிறது. துடியும் யாழும் பறையும் தாழ்வின் அடையாளமாகாத காலம் அது!

உறையூரை வளப்படுத்தியவன் என்று பட்டினப்பாலை போற்றும் கரிகாலனைப் பாருங்கள். தடாரிப் பறை கொட்டிப் பாடும் பொருநன் ஒருவன் அவன் அரண்மனைக்கு வருகிறான். கந்தல் உடையை நீக்கிப் புத்தாடை தருகிறான் வேந்தன். தன்னருகே வைத்து உண்பிக்கிறான். விடைபெறும்போது வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரைத் தந்து, கலைஞனுக்குப் பின்னே ஏழடி நடந்து சென்று வழியனுப்புகிறான். பொருநராற்றுப்படை தீட்டும் காட்சி இது. முடியணிந்த தலை, பறை கொட்டிய கைக்குப் பின்னே நடந்தது!

அக்காலப் பாட்டில் தெய்வம் இல்லையா? உண்டு. முருகனும் கொற்றவையும் திருமாலும் பாடப்பட்டனர். பரிபாடலுக்குப் பண்ணும் வகுக்கப்பட்டது. மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று தெய்வம் பாட்டின் பல பொருள்களுள் ஒன்று. பாட்டின் உரிமையாளர் அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கல்லெறிந்த கை

அடுத்து எழுந்தது பக்தி இயக்கம். சமணத்தோடும் பௌத்தத்தோடும் போட்டியிட்ட சைவமும் வைணவமும் மக்களைத் தம்பால் ஈர்க்க வேண்டியிருந்தது. எதைக் கொண்டு ஈர்ப்பது? மக்களுக்குப் புரியாத மொழியைக் கொண்டா? இல்லை, மக்களின் மொழியையும் மக்களின் மெட்டையும் கொண்டே ஈர்த்தனர். திருவாசகத்தைத் திறந்து பாருங்கள்: அம்மானை, சாழல், ஊசல், பொற்சுண்ணம். இவை பெண்கள் கூடி விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடிய பாட்டு வடிவங்கள். பெரியாழ்வார் எடுத்துக்கொண்டது தாயின் தாலாட்டு. பக்தி மக்களுக்கு இசையைத் தந்தது என்பார்கள். மக்கள் தந்த இசையில் ஏறித்தான் பக்தியே ஊர்வலம் வந்தது என்பதே உண்மை.

தந்தவர்க்குக் கிடைத்தது என்ன? இங்கேதான் உறையூர்ப் பாணன் வருகிறான்.

திருப்பாணாழ்வார் என இன்று வணங்கப்படுபவரின் கதையை வைணவக் குருபரம்பரை நூல்களே கூறுகின்றன. பாணர் குடியில் வளர்ந்த அவர், தீண்டத்தகாதவர் என்பதால் அரங்கத்தில் கால் வைக்கவில்லை; காவிரியின் தென்கரையில் நின்று யாழ் மீட்டிப் பாடினார். கோயிலுக்கு நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் என்ற முனிவர் வழிவிடச் சொன்னார். பாட்டில் தன்னை மறந்திருந்த பாணருக்குக் கேட்கவில்லை. முனிவர் கல்லெடுத்து எறிந்தார், குருதி வழிந்தது. கோயிலுக்குள் சென்றால் அரங்கன் நெற்றியிலும் குருதி! பாணரைத் தோளில் சுமந்து வருமாறு கட்டளை பிறந்தது. முனிவர் சுமந்தார். உள்ளே வந்த பாணர் பத்துப் பாட்டுப் பாடி இறைவனோடு கலந்து மறைந்தார்.

இந்தக் கதையை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊன்றிப் படிக்க வேண்டும் என்கிறேன். இது பகுத்தறிவாளர் கட்டிய கதையன்று; வைதீகம் தன் கையால் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். ஏழடி நடந்த கரிகாலன் காலத்திலிருந்து எத்தனை அடி இறங்கிவிட்டோம் பாருங்கள்! கலைஞனுக்குத் தேர் கிடைத்த மண்ணில், கலைஞனுக்குக் கல் கிடைத்தது.

இன்னும் ஒன்று. பாணர் குழந்தையாக நெற்பயிரிடையே கண்டெடுக்கப்பட்டார், மானிட வயிற்றில் பிறந்தவர் அல்லர் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. ஆழ்வார் ஆக்கிய பிறகும் பாணச்சியின் வயிற்றில் பிறந்தவன் என்று ஒப்ப மனம் வரவில்லை! உள்ளே சென்ற பாணரும் திரும்பி வரவில்லை, மறைந்துவிட்டார். தில்லைக்குச் சென்ற நந்தனும் தீயில் புகுந்த பிறகே ஏற்கப்பட்டான் என்கிறது பெரியபுராணம். சம்பந்தருடன் யாழிசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கோ திருவாரூரில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. ஒருவர் மறைய வேண்டும். ஒருவர் எரிய வேண்டும். ஒருவர் வேறு வழியாக வர வேண்டும். வந்த வழியே போய், வீட்டில் சோறு உண்டு, மறுநாளும் வந்து பாடிய பாணனுக்கு அக்கதைகளின் முதல் வாயிலில் இடமில்லை.

தேவாரத்தின் பண்கள் மறைந்தபோது என்ன செய்தார்கள்? யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிச் சென்று, அவளிடமிருந்தே பண்களை அறிந்து வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அறிவு எவரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மெட்டுக்கு ஏது மதம்?

நாலாயிரம் பாசுரங்களைத் தொகுத்து இசை அமைத்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. அந்த வழியில் இன்றும் திருவரங்கத்தில் அரையர்கள் கூம்புத் தொப்பி அணிந்து, தாளம் ஏந்தி, மார்கழித் திருவிழாவில் பாசுரங்களை இசைத்து அபிநயிக்கின்றனர். அழகிய கலை, தமிழைக் கோயிலுக்குள் ஒலிக்கச் செய்த கலை. பாராட்டுவோம். ஆனால் அது ஒரு சில குடும்பங்களின் பரம்பரை உரிமை. பாணன் பாட்டு உள்ளே ஒலிக்கிறது. பாணன் பரம்பரை எங்கே என்று கேட்போம்.

இசை ஒரு மதத்தின் சொத்து அன்று என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. திருச்சிக்கு அருகில் குளத்தூரில் 1826இல் பிறந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பின்னாளில் முன்சீபாகத் திகழ்ந்தவர், கிறித்தவர். அவர் இயற்றிய கீர்த்தனைகளுக்குச் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று பெயரிட்டார். மற்றவர்கள் கடவுளரின் பெயர்களை அடுக்கிய இராகங்களில் அவர் எச்சமயத்தாரும் பாடத்தக்க பாட்டை வைத்தார். பஞ்சம் பரவிய நாளில் பசித்தவர் துயரையும் பாட்டில் வைத்தார். இராகம் மறுத்ததா? சுரம் தீட்டுப்பட்டதா? இல்லையே!

கொட்டகை திறந்த கதவு

இருபதாம் நூற்றாண்டில் கோயிலும் அரண்மனையும் செய்யாததை நாடகக் கொட்டகையும் இசைத்தட்டும் திரைப்படமும் செய்தன. அந்த மாற்றத்தின் உருவம் திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர். 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். இரயில்வே அலுவலர் எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியில் நடத்திய இரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். 1934இல் 'பவளக்கொடி'யில் திரைக்கு வந்தார். நடித்த படங்கள் 14 மட்டுமே; ஆனால் அவர் குரல் புகாத தெரு இல்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படமோ பக்திப் படம். ஆனால் மக்கள் நாவில் முதலில் நின்றது எது? காதலைக் கொண்டாடிய பாட்டு! கரம் குவிக்கச் சொன்ன கதையில், கால் தாளம் போட வைத்த பாட்டையே மக்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். பக்தி வண்டியில் ஏறி வந்தாலும் பாட்டு தன் வழியில்தான் இறங்குகிறது.

அதைவிடப் பெரிய செய்தி வேறு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகையே. அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். காசின் ஏற்றத்தாழ்வும் கொடுமைதான். ஆயினும் காசைச் சம்பாதிக்கலாம். சாதியைச் சம்பாதிக்க முடியுமா? கோயில் கதவுகளை எல்லார்க்கும் திறக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் முழுமையாக வந்தது 1947இல்தான். அதற்கு முன்பே இறைவனைப் பற்றிய பாட்டைத் தரை டிக்கெட்டு எடுத்தவனும் தலை நிமிர்ந்து கேட்டுவிட்டான்.

பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் சிறைபுகுந்து, 1947இல் குற்றமற்றவர் என விடுதலையானார். அத்தனை தெய்வங்களைப் பாடியவரை மீட்டது அருளன்று, மேல்முறையீடு. 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார்.

நந்தனும் கிந்தனும்

கொட்டகை திறந்தும் கச்சேரி மேடை முழுதும் திறக்கவில்லை. 1941இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழ்நாட்டில் தமிழில் பாடுவதற்கு ஒரு மாநாடும் ஒரு சங்கமும் வேண்டியிருந்தன! 1942இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாகவே நடித்தவர் தண்டபாணி தேசிகர். 1946இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் அவர் தமிழ்ப் பாட்டைப் பாடியதால் மேடையே தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். அவர் பாடியதும் நாத்திகப் பாட்டன்று, பக்திப் பாட்டே. அதைச் சாடிக் 'குடி அரசு' ஏட்டில் இளைஞர் மு. கருணாநிதி எழுதினார். திரையில் நந்தன் வேடம் புனைந்தவருக்கு மேடையிலும் நந்தன் பட்ட பாடே கிட்டியது.

பாகவதரோடு அதே வழக்கில் சிறை சென்று மீண்ட கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதற்கு விடை கண்டார். அண்ணாவின் எழுத்தில் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில், நந்தனார் சரித்திரம் போலவே 'கிந்தனார்' காலட்சேபம் நிகழ்த்தினார். நந்தன் தில்லை காண ஏங்கினான்; கிந்தன் கல்வி கற்க ஏங்கினான். நந்தன் புகுந்தது தீயில்; கிந்தன் ஏறியது இரயிலில். நந்தன் மறைந்தான், கிந்தன் படித்து நிமிர்ந்தான். அதே மெட்டு, அதே சப்ளாக் கட்டை, அதே காலட்சேபம். பொருள் மட்டும் மாறியது. என் மாணவர் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. கடவுளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனிதன்! பாட்டைத் தொடக்கத்தில் பாடிய அதே மனிதன்.

நாகூர் இ.எம். ஹனிபாவையும் எண்ணுங்கள். இயக்க மேடைகளில் கொள்கை முழங்கிய குரல் அது. இசுலாமியப் பாடல்களால் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் ஒலித்த குரலும் அதுவே. 2015இல் அவர் மறைந்தபோது தொழுபவரும் தொழாதவரும் சேர்ந்தே வருந்தினர். குரல் ஒன்று, கேட்டவர் தத்தம் நெஞ்சுக்கேற்பப் பொருள் கொண்டனர்.

இளைஞர்களே! பக்திப் பாட்டு என்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டுவதில்லை. அந்தப் பண்ணில் பாணனின் உழைப்பு இருக்கிறது. தாலாட்டிய தாயின் மூச்சு இருக்கிறது. அதை வைதீகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது அறிவுடைமை ஆகாது. கேளுங்கள், கேட்டபின் வினவுங்கள். பாடியவன் யார்? அவன் எந்த வாயிலில் நின்றான்? அந்த வாயில் இன்று எப்படி இருக்கிறது?

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற வழி 1970இல் தொடங்கி, தடைகள் பல கண்டு, 2006இல் மீண்டும் சட்டமாயிற்று. பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் 2021இல் பணியமர்த்தப்பட்டனர். 2023இல் திருவரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சியை முடித்தனர். கடவுளை நாம் நம்புகிறோமா என்பது வேறு. கதவு மனிதனுக்கு மூடியிருக்கிறதா என்பது வேறு. இரண்டாவது கேள்வி நம் கேள்வி. எவர் தோளிலும் ஏறாமல், எந்தத் தீயிலும் இறங்காமல், தன் காலால் நடந்து உள்ளே போய், தன் காலால் நடந்து வெளியே வரும் பாணனைக் காணும் நாள் வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.