கவ்வாத்து எல்லையும் கட்டுமான எல்லையும்: கேமரன் மலை நிலத்தை லேசர் வழி வாசித்தல்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் ஒரு பகுதியில் 2015இல் நடந்த வான்வழி லேசர் அளவீடு நிலச்சரிவு ஆய்வுக்குப் பயன்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ தேயிலைத் தோட்டம் முதலியவற்றின் பழைய தொழிலாளர் லயங்களையும் பாதைகளையும் இம்முறையால் தேடிக் காக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். விமானத்திலிருந்து பாய்ச்சும் ஒளித்துடிப்பு திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணித்து, இலைதழையில் பட்டுத் திரும்பியவற்றைக் கழித்து, வெறும் நிலத்தின் வடிவை எடுத்துக்காட்டும் இம்முறைக்குக் கம்போடியாவின் குலேன் மலை ஆய்வு தக்க முன்மாதிரி எனினும், அதன் முடிவு ஒன்றை முதலில் உரசிப் பார்க்க வேண்டியுள்ளது.

செவான்ஸ், எவன்ஸ் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட கட்டுரை, 2012, 2015 ஆண்டுகளின் பதிவுகளில் தெரிந்த நேர்கோட்டுச் சாலை வலையை கெமர் மன்னன் இரண்டாம் ஜெயவர்மனின் தலைநகரான மகேந்திரபர்வதம் என இனங்கண்டது. இடத்தில் ஐயமில்லை, சிக்கல் காலத்தில்தான். அம்மன்னனை அம்மலையோடு விரிவாக இணைக்கும் சான்று ஸ்தோக் காக் தோம் கல்வெட்டாகும். சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் அமைந்த அது 1052ஆம் ஆண்டைச் சார்ந்தது. அரசனுக்காக இரணியதாமன் என்னும் அந்தணர் மலைமேல் சடங்கு நிகழ்த்தியதையும், அச்சடங்கை அரசனின் குருவான சிவகைவல்யரின் வழியினர் காத்துவந்ததையும் கூறுகிறது. அந்த வழியினரின் நில உரிமைகளையும் கொடைகளையும் விரிவாகப் பதியும் அந்தச் சாசனம் முன்னோர் பெருமையை மிகுத்துரைக்கக் காரணம் உண்டு என்பதை மறத்தலாகாது. சடங்கிற்குரியதாகச் சொல்லப்படும் 802 என்னும் ஆண்டோ பிற கல்வெட்டுகளிலிருந்து கொண்டுவந்து பொருத்தப்பட்டது. ஆக, லேசர் தந்த வடிவத்திற்குப் பெயர் சூட்டுவது இருநூற்றைம்பது ஆண்டு பிந்திய குரலே. அம்மலையில் நடந்த அரண்மனை அகழாய்வு முற்காலத்திற்கு ஆதரவு தருகிறதே எனலாம். ஒரு கட்டடத்தின் வயது வலை முழுவதின் வயதாகிவிடாது. மலைமேலுள்ள நீர்த்தேக்கத்தின் வண்டலைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வும் நிலப் பயன்பாடு பல நூற்றாண்டுகள் தொடர்ந்ததையே உணர்த்தியது. எனவே அந்த வலையின் மண்கரைகளுள் எவை முந்தியவை, எவை பிந்தியவை என்பது இன்னும் தீராதது.

கேமரன் மலையில் நிலைமை தலைகீழ்: தோட்டம் தொடங்கிய ஆண்டு தெரியும், தரைதான் தெரியாது. காட்டு மரத்தின் இலையடுக்குகளுக்கிடையே ஒளி நுழைந்து மண்ணை எட்டும்; இடுப்பளவில் மேசைபோல் வெட்டி நிறுத்தப்பட்ட அடர்ந்த தேயிலையிலோ கொழுந்தும் மண்ணும் தரும் எதிரொளிகள் மிக நெருங்கிவிடுவதால் கருவி அவற்றைப் பிரிக்க இயலாமல், செடியின் மேற்பரப்பையே தரையெனக் கொள்ளும் வாய்ப்பு மிகுதி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மலை மலையாக அன்றிப் பிரிவு பிரிவாகச் செடிகளை வெட்டிக் கவ்வாத்து செய்யப்படுகையில், வெட்டிய பிரிவு வெட்டாத பிரிவைவிடப் பள்ளமாகத் தோன்றி, இடையில் ஒரு வரப்பைப் படத்தில் உண்டாக்கும். குலேனில் பழகிய கண் அதனைக் கட்டுமான எல்லையெனக் கொள்ளக்கூடும். கவ்வாத்துக்குப் பின் துளிர் அடர்வதற்குள் பறந்து அளந்தால் வடிகான்களும் பழைய படிக்கட்டுகளும் மேலும் தெளிவாகும். அதற்குத் தோட்டத்தின் கவ்வாத்துப் பதிவேடு பறப்புத் திட்டத்துடன் இணைந்திருக்க வேண்டும்.

காடு மீண்டும் மூடிய இடங்களில் இம்முறை நன்கு செயற்படும். எனினும் சரிவைக் குடைந்த ஒரு மேடை லயம் இருந்த இடமா, பிற்காலக் காய்கறித் தோட்டத்தின் படியா என்பதை வடிவம் மட்டும் கூறாது. தோட்ட வரைபடமோ மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஓடோ கிடைக்கும்வரை அத்தகைய மேடைகளுக்குக் காலம் குறிக்காமல் விடுவதே முறை.