தடைப்பட்டியலும் கேசட் வேட்டையும்: பிரிட்டனில் ‘வீடியோ நாஸ்டி’ காலம்

தடைசெய்யப்பட்ட திகில் படங்களைத் தேடி 1980களிலும் 1990களிலும் அலைந்த பிரிட்டிஷ் ரசிகர்களின் வரலாறு, அந்நாட்டுத் தணிக்கை முறையில் இருந்த ஓர் ஓட்டையிலிருந்து தொடங்குகிறது. திரையரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்தது; மன்றத்துக்கு மன்றம் விதி மாறுவதைத் தவிர்க்க விரும்பிய திரைத்தொழிலினர் 1912இல் தாமே ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டனர்; காலப்போக்கில் மன்றங்களும் பெரும்பாலும் அவ்வாரியத்தின் சான்றிதழையே ஏற்று நடக்கலாயின. இந்த ஏற்பாடு முழுவதும் திரையரங்கு என்ற கட்டடத்தைச் சார்ந்தது. ஜப்பானில் 1976இல் அறிமுகமாகி, 1978இல் பிரிட்டனுக்கு வந்த விஎச்எஸ் கேசட்டும் அதை ஓட்டும் டெக்கும் படத்தை அந்தக் கட்டடத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, கேசட்டுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள், திருட்டுப் பிரதிகளுக்கு அஞ்சித் தம் படங்களை வீடியோவில் வெளியிடத் தயங்கிய அந்த இடைவெளியில், சிறிய விநியோகஸ்தர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களின் உரிமையை மலிவாக வாங்கிக் கேசட்டாக்கினர். அவை வாடகைக் கடைகளில் மட்டுமல்லாமல் பத்திரிகைக் கடை, பெட்ரோல் பங்க், தெருமுனை மளிகைக் கடை எனக் கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கப்பட்டன. பெயர் தெரியாத இயக்குநர், முகம் தெரியாத நடிகர் என்பதால் உள்ளே இருக்கும் சரக்கை அட்டைப்படமே விற்க வேண்டியிருந்தது. வழக்கமான பெட்டியைவிடப் பெரிய அட்டைப்பெட்டியில், படத்தில் உள்ளதைவிடக் கூடுதலான குருதியோடு தீட்டப்பட்ட ஓவியங்கள் அக்கால வணிகத்தின் அடையாளமாயின.

அந்த ஓவியங்களே முதலில் சிக்கலை வரவழைத்தன. ஏபல் ஃபெராரா இயக்கிய ‘தி ட்ரில்லர் கில்லர்’ (1979) படத்துக்காக, ஒருவரின் நெற்றியைத் துளைப்பானால் துளைக்கும் காட்சியை முழுப்பக்க விளம்பரமாக 1982இல் வீடியோ இதழ்கள் வெளியிட்டபோது, விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகார்கள் குவிந்தன. ருஜெரோ டியோடாட்டோவின் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படத்தை வெளியிட்ட நிறுவனம், ஒழுக்கப் பாதுகாப்புப் பரப்புரையில் பெயர்பெற்ற மேரி வைட்ஹவுஸுக்குத் தன் படத்தைப் பற்றித் தானே பெயரிலாப் புகார்க் கடிதம் அனுப்பி விளம்பரம் தேடியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையானால், சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம் இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் பலித்திருக்காது. ‘அருவருப்பான வீடியோ’ எனப் பொருள்படும் ‘வீடியோ நாஸ்டி’ என்ற பெயர் 1982இலேயே நாளிதழ்களில் புழங்கத் தொடங்கியது. 1983இல் ‘டெய்லி மெயில்’ இவற்றைத் தடைசெய்யக் கோரி இயக்கமே நடத்தியது.

சான்றிதழ்ச் சட்டம் இல்லாத நிலையில் காவல்துறை 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தைக் கையிலெடுத்தது. பார்க்கக்கூடியவர்களின் மனத்தைச் சீரழித்துக் கெடுக்கும் தன்மை ஒரு படைப்புக்கு உண்டா என்பதே அச்சட்டத்தின் அளவுகோல். அதன் இரண்டாம் பிரிவின்படி விற்பவர்மீது குற்ற வழக்குத் தொடரலாம்; மூன்றாம் பிரிவின்படி, எவரையும் குற்றவாளியாக்காமல் சரக்கை மட்டும் பறிமுதல் செய்து அழிக்கலாம். எது மனத்தைக் கெடுக்கும் என்பதில் ஊருக்கு ஊர் நடுவரும் நடுவர்குழுவும் வேறுபட்டதால், ஓர் ஊரில் விடுதலையான கேசட் அடுத்த ஊரில் குற்றமானது. வீடியோவைப் பற்றி ஏதும் அறியாத காவலர்கள், டாலி பார்ட்டன் நடித்த இசை நகைச்சுவைப் படமான ‘தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்சஸ்’, சாமுவேல் ஃபுல்லரின் போர்ப் படமான ‘தி பிக் ரெட் ஒன்’ ஆகியவற்றைத் தலைப்பை மட்டும் பார்த்து அள்ளிச் சென்றதும் நடந்தது. சாம் ரெய்மியின் ‘தி ஈவில் டெட்’ (1981) படத்தை வெளியிட்டவர்கள் 1984இல் லண்டன் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். அதே ஆண்டு ‘நைட்மேர்ஸ் இன் எ டேமேஜ்ட் பிரெய்ன்’ படத்தின் விநியோகஸ்தர் சிறைக்கே சென்றார்.

எந்தக் கேசட்டை வைத்திருப்பது ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும் என வணிகர்கள் கேட்டதன் பேரில், குற்ற வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் உயர் அதிகாரியான பொது வழக்குத் தொடர்வு இயக்குநர், வழக்குக்கு உள்ளாகக்கூடிய படங்களின் பட்டியலை வெளியிட்டு அவ்வப்போது திருத்திவந்தார். ஏதேனும் ஒரு காலத்தில் அப்பட்டியலில் இடம்பெற்றவை மொத்தம் 72 படங்கள். அவற்றுள் வழக்கில் ஆபாசமெனத் தீர்ப்பானவை 39. எஞ்சிய 33 படங்கள் பின்னர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பட்டியலை இன்று படிப்பவருக்கு அதில் எந்த ஒழுங்கும் புலப்படாது. விலங்குகளை உண்மையாகவே கொன்று படமாக்கிய ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டும், இசபெல் அஜானிக்கு 1981 கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றுத்தந்த ஆந்த்ரே ஜுவாவ்ஸ்கியின் ‘பொசெஷன்’ படமும் அதில் அருகருகே நின்றன. மரியோ பாவா, டாரியோ ஆர்ஜென்ட்டோ, லூசியோ ஃபுல்சி போன்ற தேர்ந்த இத்தாலிய இயக்குநர்களோடு, கேமராவைப் பிடிக்கவும் அறியாதவர்களின் ஆக்கங்களும் அதில் இருந்தன. எந்தத் திறனாய்வாளரும் ஒரே வரிசையில் வைத்திராத இப்படங்களுக்கு ஒரு குடும்பப் பெயர் கொடுத்தது அரசு அலுவலகம். எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதால், ஒன்றுவிடாமல் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலும் ரசிகனுக்கு வந்தது. அதுவரை கைக்குக் கிடைத்ததைப் பார்த்துவந்தவன் சேகரிப்பாளனாக மாறியது இந்தப் பட்டியலுக்குப் பிறகுதான்.

சட்டமியற்றும் பணி இதனிடையே விரைந்தது. கிரஹாம் பிரைட் என்ற கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, இத்தகைய படங்களின் துண்டுக் காட்சிகளை உறுப்பினர்களுக்குத் திரையிட்டும் காட்டிய முன்மொழிவு, 1984 ஜூலையில் வீடியோ பதிவுகள் சட்டமாயிற்று. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பத்தில் நால்வர் இப்படங்களைப் பார்த்திருப்பதாகக் கூறிய ஓர் ஆய்வறிக்கை அவ்விவாதத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றது. கை கம்பர்பேட்ச், பால் பேட்ஸ் என்ற ஆய்வாளர்கள், இல்லாத படங்களின் பெயர்களைக் கலந்து பிள்ளைகளிடம் கேட்டபோது, எடுக்கப்படவே இல்லாத அந்தப் படங்களையும் பார்த்ததாகப் பெரும்பாலானோர் சொன்னது வெளிவந்தது. ஆனால் மசோதாவின் போக்கை அது மாற்றவில்லை. கேசட்டுக்கும் தணிக்கை வாரியத்தின் சான்றிதழைக் கட்டாயமாக்கிய இச்சட்டம் 1985 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே கடையில் இருந்த கேசட்டுகளுக்குப் படிப்படியாக மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்கு முன் வெளியான, சான்றிதழ் இல்லாத கேசட்டுகளைச் சேகரிப்பாளர்கள் ‘ப்ரீ-செர்ட்’ என்று அழைத்தனர். சான்றிதழ் பெறும் கட்டணத்தைக் கொடுக்க இயலாத சிறு விநியோகஸ்தர்கள் தொழிலைவிட்டு விலகியதால், பட்டியலில் இல்லாத பல படங்களும் சத்தமின்றி மறைந்தன. தடையால் காணாமற்போனவற்றைவிட இவை அதிகமாக இருக்கக்கூடும் என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

புதிய சட்டம் கேசட்டை வீட்டில் வைத்துப் பார்ப்பதைக் குற்றமாக்கவில்லை. சான்றிதழற்ற கேசட்டை வழங்குவதும், வழங்கும் நோக்கத்தோடு வைத்திருப்பதும் குற்றங்கள். கைம்மாறு பெறாமல், வணிகமாக இல்லாமல் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. வேட்டைக்காரர்களின் உலகம் இந்த விலக்கின் நிழலில் வளர்ந்தது. மூடப்படும் வாடகைக் கடைகளின் பின்னறைகள், பழம்பொருள் சந்தைகள், திரைப்படப் பொருட்காட்சிகள், ரசிகர்கள் தாமே நகலெடுத்து அஞ்சலில் அனுப்பிய சிற்றிதழ்களின் வரி விளம்பரங்கள் ஆகியவையே அவர்களின் வழிகள். தட்டச்சு செய்த பட்டியல் ஒன்றை அனுப்பினால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் வரும். தன்னிடம் உள்ளதைப் பதிவுசெய்து கொடுத்து, இல்லாததைப் பெறுவது வழக்கம். பணம் கைமாறாத வரை அது பரிமாற்றம், மாறினால் குற்றம் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. பண்டமாற்றையும் ‘வழங்குதல்’ என்பதற்குள் சட்டம் சேர்த்திருந்ததைப் பலர் படித்திருக்கவில்லை.

நெதர்லாந்தில் வெளியான கேசட்டுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. அவை வெட்டுப்படாதவை; பிரிட்டனில் வழங்கிய ‘பால்’ என்ற ஒளிபரப்பு முறையிலேயே பதிவானவை என்பதால் எந்த டெக்கிலும் ஓடின; அடியில் ஓடும் டச்சு வசனவரிகளை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டனர். அமெரிக்கக் கேசட்டுகள் ‘என்டிஎஸ்சி’ என்ற வேறு முறையில் இருந்தமையால் அவற்றுக்குப் பல்முறை டெக் வேண்டியிருந்தது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும், ஆபாசப் பொருளின் இறக்குமதியைத் தடுக்கும் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிச் சுங்கத்துறை அஞ்சல் பொதியைப் பிரிக்கலாம். உரியவருக்குக் கேசட்டுக்குப் பதிலாகப் பறிமுதல் அறிவிப்பு வந்து சேரும்.

இவ்வளவுக்குப் பின் கையில் கிடைத்தது பெரும்பாலும் பிரதியின் பிரதி. காந்த நாடாவில் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் படத்தின் துல்லியம் குறையும், சிவப்பு நிறம் தன் எல்லையை மீறிக் கசியும், முகங்கள் வெளிறும், ஒலிக்கு அடியில் சீறல் ஒன்று நிலையாகக் குடியேறும். நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பிரதியில் இரவுக் காட்சி என்பது நகரும் கருமை மட்டுமே. கல்யாண வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்துத் தேய்ந்த கேசட்டை ஓட்டிப் பார்த்த தமிழ் வாசகருக்கு அதை விளக்கத் தேவையில்லை. வாடகைக்குப் போய்வந்த மூலக் கேசட்டுகளில் வேறொரு தடயமும் இருந்தது. எந்தக் கொடூரக் காட்சியைப் பலரும் நிறுத்தி, திரும்பச் சுற்றி, மறுபடி பார்த்தார்களோ அந்த இடத்தில் நாடா தேய்ந்து, திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். தேடிவந்த காட்சியே தெளிவாகத் தெரியாது. தேர்ந்த சேகரிப்பாளர் கோடுகளைக் கண்டதுமே முக்கியமான கட்டம் நெருங்குவதை அறிந்துகொள்வார். பிரிட்டிஷ் கேசட்டில் வெட்டுப்பட்ட சில நொடிகளை டச்சுக் கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டி, முழுமைக்கு நெருங்கிய பிரதிகளை உருவாக்கியவர்களும் இருந்தனர். ஆவணக்காப்பகங்கள் இப்படங்களைத் தீண்டாத காலத்தில், எந்தப் பதிப்பில் எத்தனை நொடி குறைகிறது என்ற கணக்கை வைத்திருந்தவர்கள் இவர்கள்தாம்.

அதற்கான விலையும் சிறிதன்று. 1990களின் முற்பகுதியில் உள்ளாட்சி வணிகத்தர அதிகாரிகளும் காவல்துறையும் சேகரிப்பாளர்களின் வீடுகளில் சோதனை நடத்தி, கேசட்டுகளை மூட்டையாகக் கொண்டுசென்றனர். 1993இல் லிவர்பூல் அருகே இரண்டு வயதுக் குழந்தை ஜேம்ஸ் பல்ஜரைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் கொன்ற வழக்கில், நீதிபதி வன்முறை வீடியோக்களைக் குறிப்பிட்டார். அச்சிறுவர்கள் பார்த்ததாக எந்தச் சான்றும் இல்லாத ‘சைல்ட்ஸ் ப்ளே 3’ படத்தின்மீது நாளிதழ்கள் பழியைச் சுமத்தின. அடுத்த ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், அதுவரை அபராதத்தோடு நின்ற வழங்கல் குற்றத்துக்கு இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை சேர்ந்தது.

தணிக்கை வாரியத்தை 1975 முதல் நடத்திய ஜேம்ஸ் ஃபெர்மன் 1999இல் விலகிய பின் நிலைமை விரைந்து மாறியது. வில்லியம் ஃப்ரீட்கினின் ‘தி எக்சார்சிஸ்ட்’, நாஸ்டி பட்டியலில் இல்லாமலும் திரையரங்கில் தடையின்றி ஓடியும் 1988 முதல் வீடியோவில் மட்டும் முடக்கப்பட்டிருந்த விந்தை, 1999இலேயே முடிந்தது. ‘தி ஈவில் டெட்’ 2001இலும், ‘தி ட்ரில்லர் கில்லர்’ 2002இலும் வெட்டின்றி அனுமதிக்கப்பட்டன. ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ 2001இல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டு வெளிவந்து, 2011இல் விலங்கொன்று கொல்லப்படும் ஏறத்தாழ 15 நொடிகள் மட்டும் நீக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. கதவு எல்லாவற்றுக்கும் திறந்துவிடவில்லை. நாஜி வதைமுகாமைக் காமக் கிளர்ச்சிக்குப் பயன்படுத்திய ‘கெஸ்டபோஸ் லாஸ்ட் ஆர்ஜி’ 2021இலும் சான்றிதழ் மறுக்கப்பட்டது. அம்மறுப்பைத் தவறென்று சொல்வது கடினம். துல்லியமான வட்டில் பார்க்கையில் 72 படங்களில் ஒரு டஜன் காலத்தைக் கடந்து நிற்கும். மற்றவற்றை ஆயுள் நீட்டிக் காத்தது தடையே. எனினும் ப்ரீ-செர்ட் பெட்டிகள் இன்று நூற்றுக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறுவதும், ஆய்வாளர் கேட் ஈகன் 2007இல் இச்சேகரிப்புப் பண்பாட்டைப் பற்றித் தனி நூலே எழுதியதும், வேட்டை படத்தையே கடந்து சென்றுவிட்டதைக் காட்டுகின்றன.

இவ்வளவுக்கும் அடிப்படையான சான்றிதழ்ச் சட்டம் உண்மையில் செல்லுபடியாகவே இல்லை என்பது 2009 ஆகஸ்டில் தெரியவந்தது. உறுப்பு நாடுகள் இத்தகைய விதிகளை இயற்றுமுன் ஐரோப்பிய ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அப்போதைய நெறி. 1984இல் அமைச்சகம் அந்த அறிவிப்பை அனுப்பத் தவறியிருந்தது. ஆபாசச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட தீர்ப்புகளை இது தொடவில்லை என்றாலும், சான்றிதழின்றி வழங்கியதற்காக நிலுவையில் இருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. அதே வாசகங்களோடு சட்டம் 2010 ஜனவரியில் மறுபடி நிறைவேற்றப்பட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அச்சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்கள் தம் தண்டனையை நீக்கக் கோரவோ இழப்பீடு பெறவோ இயலாது என்பதே தனக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை என அரசு அறிவித்தது.