ஈட்டிய மண்ணுக்கு ஈதல்

மைசூர்ப் புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்திற் கணக்கெழுதும் எமக்கு ஊதுவத்திக் கட்டுகளின் மணம் நாடோறும் பழகியது. அம்மணம் வெளியூர் செல்கிறது. அதனால் விளைந்த செல்வம் இவ்வூருக்கு யாது செய்தது என்று வினவுதல் தகும் அன்றோ? இவ்வினாவுக்கு வரலாறு விடை கூறுகிறது.

முதற்கண் பெங்களூரை நோக்குவோம். ராய்பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அங்கு வணிகராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் விளங்கிய தமிழர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி 1868-இல் அவர் பொறுப்பில் கட்டி முடிக்கப்பெற்றது. ஈட்டியதை அவர் பூட்டி வைத்தாரில்லை. 1873-இல் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவினார். அவர் பெயர் தாங்கிய கல்வி அறநிலையம் இன்றும் நடைபெறுகிறது. பிழைக்கச் சென்ற ஊரையே அவர் தம் ஊராகக் கொண்டார்.

இனி நம் மைசூர். 1948-இல் ந. ரங்கா ராவ் இந்நகரில் தொடங்கிய தொழிலே 'சைக்கிள்' ஊதுவத்தியாக நாடெங்கும் பரவியது. அவர் மறைவுக்குப் பின், 1988-இல், பார்வையற்ற சிறுமியர்க்கு உறைவிடப் பள்ளியொன்று அவர் நினைவாக இங்கு எழுந்தது.

இவ்விரு பள்ளிகளும் தோன்றிய காலத்தில் இத்தகைய கொடையைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமே அதனைக் கடமையாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடல் வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முதலிடம் தருக என்றும் அச்சட்டம் கூறுகிறது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் முதலியார் தாமே உணர்ந்து செய்ததும் இதுவேயாம்.

எனினும் ஒன்று கருதற்பாலது. தொழிலாளியின் கூலியைக் குறைத்துக் கொடையைக் கூட்டுவது அறமாகாது. சட்டம் தொகையைக் கணக்கிடும். அத்தொகை வந்த வழியை முதலாளியின் நெஞ்சே கணக்கிடல் வேண்டும்.

அன்பர்காள்! நாமும் பிழைக்க வந்தவர்களே. இம்மண்ணின் நீரும் சோறும் நம்மை வளர்த்தன. மாதச் சம்பளக்காரராகிய நம்மால் பள்ளி கட்ட இயலாது. ஆயினும் ஆண்டுக்கு ஒருநாட் சம்பளம் ஒதுக்க இயலும். அது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமென்று நில்லாது, அடுத்த வீட்டுக் கன்னடப் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கும் உதவட்டும்.